என் முகத்தை ஒட்டிய வீடியோவும் என் கணவருக்கு வந்த சம்மனும்

அனுப்புநர்
உ. அம்சவேணி,
க/பெ. உதயகுமார்,
பட்டுக்கடை விற்பனையாளர்,
பெரிய காஞ்சிபுரம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
காஞ்சிபுரம்.

பொருள்: செயற்கை நுண்ணறிவால் என் முகத்தை ஒட்டிச் செய்த ஆபாச வீடியோவை இணையத்திலிருந்து நீக்கவும், அது போலி என்று சொன்ன என் கணவர் மீதான நடவடிக்கையைக் கைவிடவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வீடியோ காலில் பட்டுப் புடவை காட்டுவது கடையில் என் வேலை. சீருடைப் புடவையின் மேலேயே முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டுவேன். கல்யாணப் பெண்ணின் அம்மா "கொஞ்சம் திரும்பும்மா" என்பார், திரும்புவேன். அதை யாரோ பதிவு செய்து, ஏதோ ஒரு செயலியில் போட்டு, என் முகத்துக்குக் கீழே துணியில்லாத வேறோர் உடம்பை வைத்து இணையத்தில் விட்டிருக்கிறார்கள். எழுதவே கூசுகிறது. மனுவில் தெளிவாக எழுத வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

2. என் கணவர் நெசவாளர். எங்கள் ஊரில் விசைத்தறிச் சேலையை யாராவது கைத்தறிப் பட்டு என்று விற்றால், அதைப் படம் பிடித்து நெசவாளர் வாட்ஸ்அப் குழுவில் 'இது போலி, ஏமாறாதீர்கள்' என்று போடுவது வழக்கம். இவரும் பதறிப்போய், அதே பழக்கத்தில் அந்த வீடியோவைக் குழுவில் போட்டு, 'இது போலி, என் மனைவி இல்லை' என்று எழுதிவிட்டார். பார்க்காதவர்களும் பார்த்தார்கள். "டூப்ளிகேட்டுன்னு சொல்லிட்டா வாய மூடிக்கினு இருப்பாங்கன்னு நெனச்சேன்மா" என்றார். உடனே அழிக்கச் செய்தேன். பல நாள் அவருக்குச் சோறு போட்டேனே தவிர முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் செய்தது முட்டாள்தனம்தான், ஆனால் கெட்ட எண்ணம் இல்லை.

3. புகார் கொடுக்கப் போன இடத்தில் வீடியோவைப் பென் டிரைவில் கொண்டு வரச் சொன்னார்கள். என் எதிரிலேயே சத்தத்தோடு ஓடவிட்டார்கள். பக்கத்து மேசைக்காரரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகத்தை அடையாளம் காண ஒரு நொடி போதும். அவர்கள் முடியும்வரை பார்த்தார்கள். பிறகு, "ஒடம்பு உன்னுது இல்லன்னு நீயே சொல்றே, அப்புறம் உனக்கு இன்னாம்மா கஷ்டம்?" என்று கேட்டார் ஒருவர். மற்றவர் சிரித்தார். அங்கிருந்து வேறு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அங்கேயும் அதே பென் டிரைவ், அதே பார்வை. வீடியோவைச் செய்தவன் முகம் எனக்குத் தெரியாது. இவர்கள் முகம் தெரியும். புடவை மடிக்கும்போதுகூட அந்தச் சிரிப்பு நினைவுக்கு வருகிறது.

4. அந்த இணையதளத்துக்கும் எழுதினேன். நான்தான் அந்தப் பெண் என்று நிரூபிக்க, அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி புதிதாக ஒரு செல்ஃபி அனுப்ப வேண்டுமாம். திருட்டுப்போன முகம் போதாது என்று இன்னொன்றும் கேட்கிறார்கள். செயற்கையாகச் செய்ததாக இருந்தாலும் இத்தகைய வீடியோவைப் புகார் வந்ததும் விரைந்து நீக்க வேண்டும் என்று விதி உள்ளதாக வழக்கறிஞர் ஒருவர் சொன்னார். விதி இருக்கிறது, வீடியோவும் அப்படியே இருக்கிறது. நாளுக்கு நாள் பார்ப்பவர்கள்தான் கூடுகிறார்கள்.

5. கடைசியில் சட்டம் ஒருவழியாக அசைந்தது. சம்மன் வந்தது, என் கணவருக்கு. ஆபாச வீடியோவைப் பகிர்ந்தாராம். செய்தவனைக் கண்டுபிடிக்க முடியவில்லை, இணையதளம் வெளிநாட்டில் இருக்கிறது, இவர் ஒருவர்தான் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். நான் கொடுத்த புகாரில் நடந்ததை மறைக்காமல் எழுதியிருந்தேன். அதிலிருந்தே அவர் பெயரை எடுத்திருக்கிறார்கள்.

ஐயா, அந்த வீடியோவை நீக்க வைக்கவும், என் கணவர் மீதான நடவடிக்கையைக் கைவிடச் செய்யவும் தங்களைப் பணிந்து கேட்கிறேன். இப்படிப் புகாரோடு வரும் பெண்ணின் வீடியோவைப் பெண் அதிகாரி ஒருவர் மட்டும், தேவையான அளவு மட்டும் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் உத்தரவிடுங்கள். அலுவலகங்களின் பெயரைத் தாங்கள் நேரில் கேட்டால் சொல்கிறேன்.

வீடியோவின் இணைய முகவரி அந்த அலுவலகங்களின் கோப்பில் இருக்கிறது. பென் டிரைவை அம்மிக்கல்லில் வைத்து நசுக்கிவிட்டேன். தங்கள் அலுவலகத்திலும் பார்த்தால்தான் நடவடிக்கை எடுக்க முடியும் என்றால், இந்த மனுவை என்னிடமே திருப்பித் தந்துவிடுங்கள்.

இடம்: காஞ்சிபுரம்
நாள்: 09.03.2026

தங்கள் உண்மையுள்ள,
உ. அம்சவேணி

இணைப்பு: ஏதுமில்லை.