மாமாவின் சுவரில் ஒரு துளை

2025 ஜூலை 8, செவ்வாய்

துறைமுகக் கந்தோரில் வேலை குறைவு. ஜன்னலுக்கு வெளியே கோதுமைக் கப்பல் ஒன்று மூன்றாவது நாளாக நங்கூரம் போட்டு நிற்கிறது. அதைப் பார்க்கிற சாக்கில் நான் போனில் ட்ரில் மெசின் பார்த்துக்கொண்டிருந்தேன். பற்றரியில் ஓடுகிற வகை. பன்னிரண்டு வோல்ட் போதுமா, இருபது வேண்டுமா? வருடத்துக்கு நாலு துளை போடுகிற மனுசனுக்கு எது சரி?

நாலு துளையாம். இருபத்தொரு வருடமாக இந்த வீட்டில் இருக்கிறேன். இதுவரை நான் போட்ட துளை பூச்சியம்.

ஜூலை 9

கனவில் சுவர் முழுக்கத் துளைகள், ஒவ்வொன்றிலும் கடல் தெரிந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே வரவில்லை.

ஜூலை 12, சனி

நுஸ்கியின் ஹாட்வெயார் கடைக்குப் போனேன். முதலில் சின்னதைக் கையில் தந்தான். பாரமே இல்லை. விரலால் அமத்தியதும் மெல்ல முனகிக்கொண்டு சுழன்றது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு, இந்த டயறிகளை வைக்க. கட்டிலுக்கு மேலே ஒரு விளக்கு. வாசலில் பூச்சாடி தொங்க ஒரு கொக்கி. வீடு முழுக்க மனதால் துளைத்து முடித்துவிட்டேன்.

"சேர், உங்கட சுவர் என்ன சுவர்?" என்றான் நுஸ்கி.

"மாமா கட்டின சுவர்."

"அப்ப இது சரிவராது. பலகைக்குத்தான் இது. ஹெமர் உள்ளதா எடுங்க. சுழண்டுகொண்டே இடிக்கும், கல்லுக்குள்ளயும் இறங்கும்."

இருபது வோல்ட்டைக் காட்டினான். இரண்டு பற்றரி. எனக்கு ஒரு பற்றரியே போதுமென்றால் விலையைக் குறைத்தும் தருவானாம். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். "மனிசியிட்டயா?" என்று சிரித்தான். "மாமாட்ட" என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டான்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை பெட்டியோடு வருகிறான். நானும் கிண்ணியாவிலிருந்து அப்படித்தான் வந்தேன். அன்ஸார் மாமா பதினொரு வருடம் சவூதியில் இருந்து, லீவுக்கு லீவு வந்து, தன் கையாலேயே மகள் றஹ்மாவுக்காகக் கட்டிய வீடு இது. கலியாணமாகி மூன்றாம் மாதம் கலண்டர் மாட்ட ஆணியும் சுத்தியலும் எடுத்தேன். மாமா வந்து சுத்தியலை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். "மருமகன், சுவரில கை வெக்க வேணாம்" என்றார். அவ்வளவுதான். ஏன் என்று நான் கேட்கவில்லை. கலண்டர் இன்றைக்கும் அலுமாரிக்கு மேலே படுத்துக் கிடக்கிறது.

"வாப்பா உங்களுக்கு என்ன குறை வெச்சார்?" என்று றஹ்மா கேட்பாள். ஒரு குறையும் இல்லை. விருந்தாளிக்கும் யாரும் குறை வைப்பதில்லையே.

ஜூலை 16

கோதுமைக் கப்பல் போய்விட்டது. நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூலை 20, ஞாயிறு

சுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒழுச் செய்யப் போன மாமா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். இடது மணிக்கட்டில் வெடிப்பு, மாக்கட்டு போட்டிருக்கிறது. இடுப்புத் தப்பியது அல்லாஹ்வின் கிருபை. சுவரில் கைப்பிடி ஒன்று பூட்டச் சொன்னார் டொக்டர்.

"மேசன் பாஸ் ஒராளக் கூப்பிட்டுப் பூட்டுவம்" என்றாள் றஹ்மா.

"சுவரில ஒண்டும் பூட்ட வேணாம்" என்றார் மாமா.

இதென்ன பிடிவாதம்? மனுசன் விழுந்து சாகலாம், சுவருக்கு ஒண்டும் ஆகக்கூடாதா? அவர்ர சுவர், அவர்ர வீடு. அப்ப நான் ஆர் இஞ்ச? இருபத்தொரு வருசமா நான் ஆர்?

ஜூலை 23, புதன்

காலையில் மாமா திரும்பவும் வழுக்கினார். வாசல் நிலையைப் பிடித்துத் தப்பினார். றஹ்மா குசினியில் அடுப்புப் பக்கம் நின்று சத்தமில்லாமல் அழுதாள். பின்னேரம் நான் யாரையும் கேட்காமல் நுஸ்கியிடம் போய் இருபது வோல்ட்டை வாங்கி வந்தேன். சாப்பாட்டு மேசை நடுவில் வைத்தேன். மாமா பார்த்தார். அறைக்குள் போய்விட்டார்.

வாங்கின சந்தோசத்தைக் காணோம்.

ஜூலை 25, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்து கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டு இருந்தார் மாமா. இந்த வீட்டில் அவர் எனக்குப் பக்கத்தில் இருந்தது இதுதான் முதல்தரம் என்று நினைக்கிறேன்.

"மருமகன், வயர் எங்கால போகுதெண்டு எனக்கே தெரியாது."

எனக்கு விளங்கவில்லை.

காசை மிச்சம் பிடிக்க வயரையெல்லாம் சுவருக்குள் குறுக்காகக் கொண்டு போனாராம். ஒரு தாளில் படம் கீறி வைத்தாராம். தாளைக் கறையான் தின்றுவிட்டது. நான் வருவதற்கு முந்தின வருடம் அவரே ஒரு ஆணி அடித்து, கரண்ட் அடித்து, தூக்கி எறிந்ததாம்.

"அதுக்குப் பிறகு பயம். என்ர மகள்ட புருஷனுக்கு ஏதும் ஆச்செண்டா நான் என்ன செய்ற?"

"ஏன் மாமா அண்டைக்கே சொல்லயில்ல?"

"கட்டினவனுக்கே தெரியாதெண்டு மருமகனிட்ட எப்பிடிச் சொல்ற? வெக்கமா இருந்திச்சு."

நான் எழும்பிப் போய் முற்றத்தில் நின்றேன். கச்சான் காற்று முகத்தில் சூடாக அடித்தது. அவர் வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டார், நான் ரோசத்தில் மூடிக்கொண்டேன். ஒரே மேசையில் இருபத்தொரு வருடம் சோறு தின்றிருக்கிறோம். எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் எழுதிவைக்கிறேன்.

திரும்பி வந்து மெசினைக் காட்டினேன். "இது பற்றரி, மாமா. மெயின் சுவிட்ச நிப்பாட்டிட்டே துளைக்கலாம். வயர் பட்டாலும் அடிக்காது, தள்ளித் துளைப்பம்."

அவர் அதை நல்ல கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கரண்ட் இல்லாமலே ஓடுமா?"

ஜூலை 27, ஞாயிறு

மெயினை நிறுத்தியதும் காற்றாடிகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து நின்றன. வீடு இவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதில்லை. துறைமுகப் பக்கம் கப்பல் ஒன்று ஊதியது. மாமா பாத்ரூம் வாசலில் நின்று பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். நான் அமத்தினேன். வெள்ளைத் தூள் உதிர்ந்து கை, மீசை எல்லாம் படிந்தது. உள்ளே போகப் போக எனக்கு மிதப்பது மாதிரி இருந்தது.

அப்போதுதான் தண்ணீர்.

வயரை நினைத்தோம், தண்ணீர்க் குழாயை ஒருவரும் நினைக்கவில்லை! முகத்தில் பாய்ந்தது. மெசினை வெளியே எறிந்துவிட்டு உள்ளங்கையால் துளையைப் பொத்தினேன். றஹ்மா தண்ணீர்த் தாங்கியின் வால்வைப் பூட்ட ஓடினாள். முதல் துளையே இப்படி.

"மாமா, மன்னிச்சுக்கொள்ளுங்க, உங்கட சுவர..."

திரும்பிப் பார்த்தால், மாக்கட்டுக் கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, சொட்டச் சொட்ட நின்று சிரிக்கிறார் மனுசன்.

"என்ர சுவரா? உங்கட வீட்டில நீங்க ஓட்ட போட்டீங்க, மருமகன். நான் சும்மா நனைஞ்ச ஆள்."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பாஸ் வந்து குழாயைச் சரிசெய்துவிட்டுப் போனார். ஒரு முழம் தள்ளிப் பிடியைப் பூட்டினேன். உறுதியாக இருக்கிறது. பழைய துளையை நானே சீமெந்தால் அடைத்தேன். வெள்ளைச் சுவரில் சாம்பல் நிறத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு. பெயின்ட் அடிப்பம் என்றாள் றஹ்மா. இருக்கட்டும் என்றேன்.

காலையில் மாமா பிடியைப் பிடித்துக்கொண்டு தானாக வெளியே வந்தார். தேத்தண்ணியை வாங்கிக்கொண்டு சொன்னார்: "றஹ்மாக்குக் குசினியில ஒரு தட்டு வேணுமாம். எங்க துளைக்கிறதெண்டு நீங்களே பாருங்க. பின்னேரம் மெயின நிப்பாட்டுவம். தாங்கியையும்."