காலி பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவரவும்

மார்ச் 3

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் மகளுக்கு இந்த மாதம் ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது. சொன்னது மருத்துவமனை எடைக் கருவி. பக்கத்தில் நின்று பார்த்தது நான். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினாள், ஆகையால் நம்பலாம். ஏழாம் மாதத்துக்கு இது போதாது என்றார் டாக்டர். ஆனால் போன மாதம் போலத் திட்டவில்லை.

ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இனி போன் வேண்டாம். எங்கள் வீடு சின்னது. முன்னறையை டிரைவிங் ஸ்கூலுக்கு விட்டது போக மிச்சம் இரண்டே அறை. என் போனில் உங்கள் குரல் கேட்டால் அவள் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்துவிடுகிறாள். கடிதம் எழுதுங்கள். கடிதம் சத்தம் போடாது.

ஜூன் வரை நீங்கள் வேலை பார்க்கும் நாட்டில் பசி மாதங்கள், பிரசவத்துக்கு வர முடியாது என்று நீங்கள் சொன்னதும், "அங்க இருக்கறதுங்கதான் உனக்குப் பிள்ளைங்க" என்று அவள் போனை வைத்ததும் எனக்குத் தெரியும். நான் யார் பக்கமும் பேசவில்லை. வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் நான். என் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். அதை மிதிக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் இந்தத் தொழிலில் கஷ்டம்.

நீங்கள் அனுப்பிய நாலு பக்க உணவு விவரம் வந்தது. முதல் பக்கம் அவளுக்கு. மற்ற மூன்றும் ஒரு மாவட்டத்துக்கு எழுதியது போலிருக்கிறது. இருந்தாலும் முட்டையும் கீரையும் உள்ளே போகின்றன. என் மகன் காய் நறுக்கித் தருகிறான். விரல்கள் பத்திரமாக இருக்கின்றன.

உங்கள் மகளின் மாமியார்


மார்ச் 14

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று அலுவலகத் தபால் பையில் வந்தது. ஒன்றரைக் கிலோ என்ற வரியை எத்தனை முறை படித்தேன் என்று கேட்காதீர்கள். வேறு எந்த அறிக்கையையும் நான் அப்படிப் படித்ததில்லை. நன்றி என்று எழுதினால் நீங்கள் கோபித்துக்கொள்வீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன், நன்றி.

நாலு பக்கத்துக்கு மன்னியுங்கள். நாலு நாடுகளில் நடக்கும் திட்டத்துக்குத் தலைமை என்று பெயர். நாள் முழுவதும் சுற்றறிக்கை எழுதி எழுதிக் கை அப்படியே பழகிவிட்டது.

இங்கே என்ன வேலை என்று ஒருமுறை கேட்டீர்கள். போன அறுவடையில் வந்த தானியம் மார்ச்சில் தீர்ந்துவிடும். அடுத்தது ஜூன் கடைசியில்தான். இடையில் உள்ள மாதங்களில் மையம் மையமாகக் குழந்தைகளின் கையை ஒரு நாடாவால் அளக்கிறோம். சிவப்பில் நின்றால், அதாவது கை மிக மெலிந்திருந்தால், உடனே சேர்த்துக்கொள்வோம். மஞ்சள் என்றால் கவனிப்போம். பச்சை என்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். சிவப்புக் குழந்தைக்கு வாராவாரம் கடலைப் பசை பாக்கெட்டுகள் தருகிறோம். அடுத்த வாரம் காலி பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்தால்தான் புதியது. விற்றுவிடக் கூடாது என்பதற்காக நான் போட்ட விதி அது.

ஒரு மையத்தில் ஒரு சிறுவன், இரண்டு வயது. அவன் அம்மா ஒரு வாரம்கூடத் தவறாமல் காலி பாக்கெட்டுகளைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுவந்து தருகிறாள். பையனுக்கு மட்டும் எடை ஏறவில்லை. ஏனென்று இன்னும் தெரியவில்லை. அடுத்த வாரம் வீட்டுக்கே போய்ப் பார்க்கப் போகிறேன்.

விளையாட்டுக்கு இத்துடன் ஒரு நாடா வைத்திருக்கிறேன். குழந்தைகளுக்கானது. பெரியவர்கள் யார் கட்டினாலும் பச்சைதான் காட்டும்.

உங்கள் மருமகளின் அம்மா


மார்ச் 25

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நாடா வந்து சேர்ந்தது. என் வீட்டுக்காரருக்குக் கட்டிப் பார்த்தேன், எட்டவே இல்லை. "உலக நிறுவனமே நம்மளக் கைவிட்டுடுச்சு" என்று வருத்தப்பட்டார். லைசென்ஸ் பரீட்சையில் மூன்று முறை தோற்ற பல் டாக்டர் ஒருவர் என்னிடம் வருகிறார். அவருக்கும் கட்டினேன். பச்சை. "அப்ப பாஸா மேடம்?" என்று கேட்டார்.

உங்கள் மகள் அதை எடுத்துத் தன் கையில் சுற்றினாள். இது எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. நாடாவைப் பார்த்தால் தெரியாதா. பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மாற்றி எழுத எனக்கு வராது.

"நான் சின்ன வயசுலேருந்தே பச்சைதான் அத்தை. நல்லாப் படிச்சேன், ஹாஸ்டல்ல போட்டதைச் சாப்பிட்டேன், காய்ச்சல்கூட வராது. அதான் எங்கம்மா என் பக்கம் திரும்பவே இல்ல."

நாடாவைச் சுருட்டி என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அழவில்லை. ராத்திரி ஒழுங்காகச் சாப்பிட்டாள். இதை எழுத வேண்டாமென்றுதான் இரண்டு நாள் இருந்தேன். ஆனால் எடை கூடினால் எழுதி, இதை எழுதாமல் விட்டால் என் கடிதத்தை நீங்கள் எப்படி நம்புவீர்கள்?

அந்தப் பையன் வீட்டுக்குப் போனீர்களா?

உங்கள் மகளின் மாமியார்


ஏப்ரல் 4

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

மறைக்காமல் எழுதியதற்குக் கடமைப்பட்டிருக்கிறேன். அவள் சொன்னது சரி. அவள் அப்பா போன பிறகு அவளை விடுதியில் சேர்த்தேன். மதிப்பெண் அட்டை நன்றாக வந்தது. நான் நிம்மதியாக அடுத்த நாட்டுக்குப் போனேன். இதற்கு மேல் சொல்ல வேண்டியது அவளிடம்.

பையன் வீட்டுக்குப் போனேன். ஒரே அறை. அவனுக்கு ஐந்து வயதில் ஓர் அக்கா. நாங்கள் உட்கார்ந்திருந்தபோதே அம்மா ஒரு பாக்கெட்டைக் கிழித்து, பாதியைப் பையன் வாயிலும் பாதியை அந்தப் பெண் வாயிலும் பிதுக்கினாள். ஒளிக்கவே இல்லை. "இது தம்பிக்கு மட்டும்தானே?" என்று எங்கள் செவிலி கேட்டாள். "ரெண்டும் எதிர்ல உக்காந்து பாக்குதுங்களே. ஒண்ணு வாயில ஊட்டிட்டு இன்னொண்ணை வெளிய போன்னு எப்படிச் சொல்றது?" என்றாள் அந்த அம்மா.

அக்காவின் கையை அளந்தேன். பச்சை. ஆனால் வீட்டில் வேறு உணவு எதுவும் இல்லை. அவளைப் பச்சையாக வைத்திருந்ததே தம்பியின் பங்குதான்.

பங்கு போட்டால் விதிப்படி அந்தக் குடும்பத்தின் உணவு அட்டையை நிறுத்த வேண்டும் என்றாள் செவிலி. வேண்டாம் என்றேன். திரும்பி வந்து புதிதாக ஒரு திட்டம் எழுதினேன். ஒரு பிள்ளை சிவப்பு என்றால் வீடு முழுவதற்கும் தானியமும் எண்ணெயும் தர வேண்டும். செலவு கூடும். பணம் தரும் நாடுகள் ஒப்புக்கொள்ள வேண்டும். முடிவு இந்த மாதம் இருபதுக்கு மேல் தெரியும் என்கிறார்கள்.

உங்கள் மருமகளின் அம்மா


ஏப்ரல் 14

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இன்று மத்தியானம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். என் வீட்டுக்காரர் பெட்ரோல் விலையைத் திட்டிக்கொண்டிருந்தார். நடுவில் உங்கள் மகள் தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அந்த அக்காக்காரிக்கும் சாப்பாடு குடுக்க ஒத்துக்கிட்டாங்களா?"

"எந்த அக்காக்காரி?" என்றார் இவர். அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். உங்கள் கடிதத்தை நான் வீட்டில் யாரிடமும் படித்துக் காட்டியதில்லை. முன்னறை மேசை இழுப்பறையில், லைசென்ஸ் விண்ணப்பங்களுக்கு அடியில் வைத்துப் பூட்டுவேன். சாவியை ஆணியில் மாட்டுவேன். அது எல்லோருக்கும் தெரிந்த ஆணி.

அவளுக்கும் உடனே புரிந்துவிட்டது, வாயை விட்டோமென்று. காது சிவந்துவிட்டது. ஆனால் தட்டை விட்டு எழவில்லை. நான் குழம்பை ஊற்றிக்கொண்டே, "இருபது தேதிக்கு மேல தெரியுமாம்" என்றேன். "ம்" என்றாள். அவ்வளவுதான். இவர் மறுபடி பெட்ரோலுக்குப் போய்விட்டார்.

ஆக, எனக்கென்று நீங்கள் அனுப்பியதில் பாதியை எதிரில் உட்கார்ந்த பிள்ளை சாப்பிட்டுவந்திருக்கிறது. எத்தனை வாரமாக என்று கேட்கவில்லை. என் அட்டையை நிறுத்திவிடாதீர்கள்.

இழுப்பறையைப் பூட்டுவதை விட்டுவிட்டேன்.

உங்கள் மகளின் மாமியார்

பி.கு: மறந்துவிட்டேன். இந்த மாதம் இரண்டு கிலோ. டாக்டர் சிரித்தார்.


ஏப்ரல் 24

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

குடும்பத்துக்கே உணவு தரும் திட்டத்தை மூன்று மாதம் நடத்திப் பார்க்க ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நேற்று மாலை தலைமை அலுவலகம் தொலைபேசியில் சொன்னது. எழுத்தில் உத்தரவு இன்னும் வரவில்லை. கிடங்கு மேலாளர், "காகிதம் வராம ஒரு மூட்டையும் நகராது, நீங்களே வந்து உக்காந்தாலும்" என்கிறார். அவர் அப்படிப்பட்டவர் என்பதால்தான் இந்தத் திட்டம் நடக்கிறது. அந்த அக்காவின் பெயரும் அட்டையில் ஏறிவிட்டது.

இந்தக் கடிதம் இரண்டு பேருக்கானது என்று தெரிந்தே எழுதுகிறேன். எந்தப் பாதியை யார் எடுத்துக்கொண்டாலும் சரி.

பிள்ளைகள் எப்போது சிவப்பாகிறார்கள் என்று கண்டுபிடிப்பதிலேயே இருபத்திரண்டு வருடம் போய்விட்டது. பச்சைப் பிள்ளையைப் பச்சையாக வைத்திருப்பது யார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. விடுதிச் சமையலறையில் யார் யாரோ. இப்போது நீங்கள், உங்கள் வீட்டுக்காரர், காய் நறுக்கும் என் மாப்பிள்ளை. அவர்கள் எல்லோருக்கும் நன்றி சொல்ல வழி தெரியாது. உங்களுக்காவது சொல்கிறேன்.

துணைத் தலைவர் மே இருபதிலிருந்து பொறுப்பைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். விடுப்புக்கு எழுதிவிட்டேன். டிக்கெட் கையில் வரும்வரை வருகிறேன் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லிச் சொல்லிப் பழக்கமாகிவிட்ட வார்த்தை அது.

உங்கள் மருமகளின் அம்மா


மே 4

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

இத்துடன் ஒரு காலி உறை இருக்கிறது. உங்கள் போன கடிதம் வந்த உறை. உங்கள் விதிப்படி திருப்பி அனுப்புகிறேன். ஓரத்தைப் பாருங்கள். நான் கத்தரியால் நேராக வெட்டுவேன். இது விரலால் கிழித்தது, அவசரத்தில். நான் பல் டாக்டரோடு தெருவில் இருந்தபோது தபால் வந்திருக்கிறது. திரும்பி வந்தால் கடிதம் என் மேசைமேல் விரித்தபடி கிடக்கிறது, பறக்காமல் இருக்க மேலே அந்த நாடா. பல் டாக்டர் அன்று பாஸாகிவிட்டார். ஆனால் அதை யாரும் கவனிக்கவில்லை.

இதுவரை நிலவரம்: டாக்டர் சொன்ன தேதி மே 28. உங்கள் டிக்கெட் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை; ஆனால் நேற்று அவள் பின்னறையைத் துடைத்து, இரண்டாவது கட்டிலை ஜன்னல் பக்கம் இழுக்கச் சொன்னாள். என் மகன் இழுத்தான். யாருக்கு என்று கேட்டேன். "சும்மா காத்தோட்டமா இருக்கட்டும்" என்றாள்.

சாயங்காலம் என்னிடம் சொன்னாள்: "இது போய்ச் சேர பத்து நாளாகும். பதினேழு ஞாயித்துக்கிழமை. நானே கூப்பிடறேன், அவங்க கூப்பிட வேணாம்னு எழுதுங்க அத்தை."

எழுதிவிட்டேன். எங்கள் நேரப்படி காலை ஒன்பது மணிக்கு மேல் போனைப் பக்கத்தில் வைத்திருங்கள். எனக்கு அன்று வகுப்பு இருக்கிறது, வீட்டில் இருக்க மாட்டேன். கொஞ்சம் தாமதமானால் பதறாதீர்கள். சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் பேசுவேன் என்றிருக்கிறாள்.

உங்கள் மகளின் மாமியார்