மீதி முப்பது மில்லி

தம்பிக்கு,

அப்பா பிழைத்துக்கொண்டார். முதலில் நிம்மதியாக மூச்சு விடு, பிறகு மேலே படி.

கிருமி ரத்தத்தில் ஏறி, பிரஷர் விழுந்தபோது, பாட்டில் பாட்டிலாக உப்புநீரை ஏற்றித்தான் உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். அந்த நீரெல்லாம் உடம்பிலேயே தங்கி, முகம் பூசணிக்காய் மாதிரி ஊதிவிட்டது. இப்போது மருந்து கொடுத்து அதை வடிய வைக்கிறார்கள்; குடிக்கிற தண்ணீரும் அளவோடுதான். உள்ளே போவது, வெளியே வருவது எல்லாவற்றையும் நர்ஸ் அளந்து சார்ட்டில் எழுதுகிறாள்.

நேற்று அவர் தாகம் என்று கெஞ்சியதில் மனசு கேட்கவில்லை. நர்ஸ் நகரும்போதெல்லாம் ஒவ்வொரு மடக்காகக் கொடுத்து, ஒரு பாட்டில் தண்ணீரையே காலி செய்துவிட்டேன். காலையில் எடை ஏறியிருந்தது. அவள் சார்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்க்க, நானே உளறிவிட்டேன்.

"குடுத்ததைக்கூட விடுங்கக்கா. சொல்லாம இருந்தீங்களே, அதான் தப்பு" என்றாள்.

அது நம் வீட்டு வியாதி என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

இன்று வீக்கம் வடிந்து பழைய மூக்கு தெரிகிறது. மூக்கு நுனிக் கோபமும் திரும்பிவிட்டது. மதியம் கொடுத்த அறுபது மில்லியில் பாதியைக் குடித்துவிட்டு டம்ளரைத் தள்ளினார்.

"போதும். சின்னவன் வெயில்ல வருவான், அவனுக்கு வை."

மூன்று வருஷமாக உன் பேச்சையே எடுக்காத மனுஷர். நீ வருவாய் என்று நான் சொல்லவும் இல்லை.

நர்ஸ் முப்பது என்று மட்டும் எழுதினாள். மீதி முப்பது மேசைமேல் மூடி போட்டு இருக்கிறது. யாரையும் கொட்டவிடவில்லை. வந்து குடி.

உன் அக்கா