நீலகண்டன் சாரின் முறை

கொச்சங்காடி, மட்டாஞ்சேரி
12.2.1986

அன்புத் தங்கச்சி லதீஃபாவுக்கு லாத்தா ஹாஜரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. வழக்கத்துக்காக எழுதியதாகவே வைத்துக்கொள்.

உன் கடிதம் வந்தது. உன் கிட்னியில் ஒன்றை எனக்குத் தருவதாக எழுதியிருக்கிறாய். உன் மாப்பிள்ளை ரஷீதிடம் இன்னும் சொல்லவில்லை, சொன்னால் தடுப்பார், உம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடுவேன் என்றும் எழுதியிருக்கிறாய். மடியில் பால்குடிப் பிள்ளையை வைத்துக்கொண்டு எழுதுகிற எழுத்தா இது? வேண்டாம். இனி இதைப் பற்றி எழுதாதே.

என் உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன என்று எர்ணாகுளத்து டாக்டர் சொன்னார். காலையில் முகம் வீங்குகிறது, சாயங்காலம் கால் வீங்குகிறது. சோற்றைக் கண்டால் குமட்டுகிறது. தெருப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். நாலு வரி ஓதுவதற்குள் மூச்சு வாங்குகிறது. மகள் மைமூன் பள்ளிக்கூடம் விட்டு வந்து சமைக்கிறாள். அவளுக்கு மலையாளம்தான் ஓடும், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதனால் இதை அவள் பக்கத்தில் உட்கார்ந்தே எழுதுகிறேன்.

ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து உள்ளே விடுகிற மெஷின் இருக்கிறதாம். வாரத்துக்கு இரண்டு தடவை போகவேண்டும். நான் மாட்டேன் என்றேன். அதில் ஏறியவர் இறங்கமாட்டார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். உன் மச்சான் சிகாபுதீனுக்கும் மனசு இல்லை. திருச்சூரில் ஒரு வைத்தியர் கஷாயத்திலேயே சரிசெய்வதாக அவருடைய சுக்கு மண்டியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கஷாயத்தைத்தான் இப்போது குடிக்கிறேன். டாக்டர் கோபப்படவில்லை. மாட்டேன் என்பதற்கு முன்னால் ஒரு தடவை அந்த அறையைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார்.

பார்த்தேன். வாசலிலேயே நின்றேன். உன் மச்சான் வராந்தாவைத் தாண்டி வரவில்லை. உள்ளே ஒரு கட்டிலில் மேரிக்குட்டி என்று ஒரு சேச்சி, தோப்பும்படியில் செம்மீன் உரிக்கும் கொட்டகையில் வேலை செய்தவர். கையிலிருந்து ரத்தம் குழாய் வழியாக மெஷினுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அவரோ நர்ஸிடம் மத்தி மீன் விலையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்ததும், “பேடிக்கண்டா மோளே, வா. இது சோறு வேகுற போலெதான். சமயம் எடுக்கும், அத்ரதன்னே” என்றார். பயப்படாதே, நேரம் எடுக்கும், அவ்வளவுதான் என்கிறார். கொட்டகையில் தமிழ்ப் பெண்கள் உண்டாம், அதனால் பாதி தமிழ் வரும்.

வீட்டுக்கு வந்தும் அந்த மத்திச் சண்டைதான் நினைவில் நின்றது. உயிர் குழாயில் ஓடுகிறபோது ஒரு மனுஷிக்கு மீன் விலை கேட்கத் தோன்றுகிறதே என்று நினைத்தேன். இன்னும் சம்மதம் சொல்லவில்லை.

பிள்ளைக்கு மூக்கடைப்பு என்று எழுதியிருந்தாயே, சரியாகிவிட்டதா?

உன் லாத்தா,
ஹாஜரா


கொச்சங்காடி
20.4.1986

அன்புத் தங்கச்சிக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவுக்குத் தனியாக எழுதவில்லை. இதில் அவர்களுக்குப் பொறுக்கிற இடங்களை மட்டும், பார்க்கப் போகிறபோது படித்துக் காட்டு.

மெஷினுக்குச் சம்மதித்துவிட்டேன். இடது மணிக்கட்டில் சின்ன ஆபரேஷன் செய்து இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே எப்போதும் கிர்ரென்று அதிர்கிறது. குழாய் தடித்த பிறகுதான் ஊசி போட முடியுமாம். அந்தக் கையால் குடம் தூக்கக் கூடாது, வளையல் போடக் கூடாது. மேரிக்குட்டி சேச்சி ஒரு ரப்பர் பந்து தந்தார். உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் அதை அமுக்கிக்கொண்டிருக்கிறேன்.

சாப்பாடுதான் கஷ்டம். உப்பு கிடையாது. வாழைப்பழம், இளநீர் கூடாது. காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சாப்பிடவேண்டும். இந்த வெயிலில் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் இளநீரோடுதான் வருகிறார்கள். மைமூன் வாங்கி வைத்து, அவர்கள் போனதும் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுகிறாள்.

தாகத்துக்கு வழி சொன்னவர் நீலகண்டன் சார். பாலக்காட்டுத் தமிழர், தபால் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே வீடு. மெஷினுக்கு நான்தான் இங்கே சீனியர் என்று சொல்லிக்கொள்வார். “தண்ணியைக் குடிக்கப்படாது, கடிக்கணும்” என்றார். சின்ன ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொண்டால் ஒரு வாய்த் தண்ணீர் வெகுநேரம் வருகிறது.

இன்னொன்றும் செய்தார். ஆஸ்பத்திரிக்கு வந்தால் வெளியிலேயே நிற்கிற உன் மச்சானை எதிரே இருக்கிற சாயாக்கடைக்கு அழைத்துப் போனார். தனக்குக் குடிக்க அனுமதி இல்லை; இவருக்கு மட்டும் ஒரு சாயா சொல்லிவிட்டு, குடித்து முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்திருந்தாராம். என்ன பேசினார் என்று உன் மச்சான் இன்றுவரை சொல்லவில்லை. ஆனால் அடுத்த தடவை வராந்தாவில் நிற்காமல் உள்ளே வந்தார். கஷாயத்தைப் பற்றிய பேச்சும் அதோடு நின்றது.

மேரிக்குட்டி சேச்சி ஒரு நாள் வீட்டுக்கே வந்தார். அடுக்களையில் மைமூனோடு உட்கார்ந்து மலையாளத்தில் வெகுநேரம் பேசினார். நான் பெற்ற பிள்ளையிடம் நான் சொல்ல முடியாமல் வைத்திருந்ததை அவர் சொல்லிவிட்டார் என்று நினைக்கிறேன். மைமூன் அழுத முகத்தோடு வந்து என் காலைப் பிடித்துவிட்டாள்.

நோன்பு நெருங்குகிறது. இந்த வருஷம் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்காகவும் துஆ செய்.

உன் லாத்தா,
ஹாஜரா


கொச்சங்காடி
29.6.1986

அன்புத் தங்கச்சி லதீஃபாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளைக்கு நீ அனுப்பிய துணி மைமூனுக்குச் சரியாக இருந்தது. உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. நடந்ததை முதலில் சொல்கிறேன்.

போன திங்கட்கிழமை எனக்கு முதல் தடவையாக மெஷின் வைப்பதாக இருந்தது. அன்றைக்கென்று பந்த். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, காயலைக் கடக்கிற போட்டும் இல்லை. விடியற்காலையிலிருந்து மழை. எனக்கு இரண்டு நாளாகப் படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு அடைக்கிறது. தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தே இருந்தேன். இருந்தும், இன்றைக்குப் போகத் தேவையில்லை என்று ஆனதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிதான். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று உன் மச்சானும் சொல்லிவிட்டார்.

அப்போது மேரிக்குட்டி சேச்சி குடையோடு வாசலில் நின்றார். அன்றைக்கு அவருக்கும் முறை. மைத்துனருடைய வள்ளத்தைக் கடவுத் துறையில் கட்டிவிட்டு, அங்கிருந்து நடந்தே வந்திருக்கிறார். நாளைக்குப் போகலாம் என்று உன் மச்சான் சொன்னார். சேச்சி என் முகத்தைப் பார்த்தார். “நாளெ என்னு பறஞ்சு எத்தனெ பேரு போயி. எழுந்நேல்க்கு மோளே” என்றார். நாளைக்கு என்று சொல்லியே எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள், எழுந்திரு என்கிறார். எழுந்துவிட்டேன்.

மண்டிக் கைவண்டியில் என்னை வைத்துத் தள்ளிக்கொண்டு கடவுக்குப் போனார்கள். வள்ளத்தில் உன் மச்சான் எனக்குக் குடை பிடித்தார். காயல் கலங்கிக் கிடந்தது. சேச்சியின் மைத்துனர் துடுப்புத் துழாவினார். நான் ஆயத்துல் குர்ஸி ஓதினேன், சேச்சி ஜெபமாலை உருட்டினார். எர்ணாகுளத்தில் கரை ஏறினோம்.

ஆஸ்பத்திரியில் மெஷின் பார்க்கிறவர்களில் ஒருவர்தான் நடந்து வந்து சேர்ந்திருந்தார். ஒற்றை ஆளாக இரண்டு மெஷினுக்கு மேல் கவனிக்க முடியாது, அதுவும் ஒரே ஒரு தடவைதான் என்றார். சேச்சி, நீலகண்டன் சார், நான் என்று மூன்று பேர். பழைய ஆட்கள் இரண்டு பேரும் ஏறட்டும், புதிய ஆள் நாளைக்கு வரட்டும் என்று முதலில் முடிவானது. நான் சரி என்றேன். அதைச் சொல்லவே எனக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது.

நீலகண்டன் சார் கட்டிலில் ஏறி உட்கார்ந்துவிட்டவர். இறங்கினார். தனக்கு இந்தத் தடவை வீக்கம் அவ்வளவாக இல்லை, தண்ணீர் குறைத்துத்தான் குடித்தேன், வீடும் பக்கத்தில்தான், நாளைக்கு வருகிறேன் என்று டாக்டரிடம் மலையாளத்தில் சொன்னார். டாக்டர் அவர் காலை அமுக்கிப் பார்த்து யோசித்தார். இவர் அதற்குள் செருப்பைப் போட்டுக்கொண்டார். என்னிடம், “நான் பழைய வண்டியாக்கும். ஒரு நாள் தள்ளினாலும் ஓடும். நீங்க ஏறுங்கோ” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெஷினைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. ஊசி தடிமனானது, வலித்தது. குளிர் எடுத்தது. கடைசியில் காலில் நரம்பு இழுத்துக்கொண்டு கத்திவிட்டேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து சேச்சி, உள்ளங்காலை அமுக்கு என்று உன் மச்சானை அதட்டினார். அவர் அத்தனை பேர் நடுவில் என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மல்லாந்து படுத்தேன். மூச்சு அடைக்கவில்லை. தூங்கிவிட்டேன்.

வியாழக்கிழமை மறுபடி போனேன். நீலகண்டன் சாருக்குச் செவ்வாய்க்கிழமை மெஷின் வைத்து, வார்டிலேயே படுக்க வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். வெளியே பெஞ்சில் அவருடைய மனைவி பாக்கியலக்ஷ்மி அம்மாள் இருந்தார். அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். கையை உருவிக்கொண்டார்.

“இவர் எழுந்துண்டு இடம் கொடுத்துட்டு வந்துட்டார். எல்லாரும் மகாத்மாங்கறா. ராத்திரி பூரா மூச்சு முட்டித் துடிச்சார். நெஞ்சைத் தடவிண்டு உக்காந்திருந்தவ நான். கொடுக்கறச்சே என்னை ஒரு வார்த்தை கேட்டாரா?” என்றார்.

தண்ணீர் குறைத்துக் குடித்தேன் என்றதும் பொய்தானாம்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. எனக்கு வந்த மூச்சு அவர் வீட்டில் ஒரு ராத்திரியாகக் கழிந்திருக்கிறது. நின்றுகொண்டே இருந்தேன். அப்புறம் அவர் நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டார். என் முறை வரும்வரை இரண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம்.

இப்போது உன் கடிதத்துக்கு வருகிறேன். பிள்ளை இப்போது கஞ்சி குடிக்கிறது, கிட்னி பொருந்துமா என்று வேலூர் ஆஸ்பத்திரியில் பார்க்கிற பரிசோதனைக்கு எப்போது வரட்டும் என்று மறுபடி கேட்டிருக்கிறாய். ரஷீதுக்கு இன்னும் தெரியாது என்றும் எழுதியிருக்கிறாய். டாக்டரிடம் கேட்டேன். கூடப்பிறந்தவள் என்றால் பொருந்த வாய்ப்பு உண்டு, பார்க்கலாம் என்றார். அவர் சொன்னதை உள்ளபடி எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரியில் வேண்டாம் என்று எழுதினேன். இந்தக் கடிதத்தில் அந்த வார்த்தையை எழுதவில்லை என்பதைப் பார்த்திருப்பாய். வா என்றும் எழுதவில்லை. ரஷீதிடம் சொல். கோபப்பட்டால் படட்டும், கேட்டுக்கொள். உனக்கு ஒன்று ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவப் போகிறவர் அவர்தான். தடுத்தால் அது அவர் உரிமை. அதற்காக அவரை ஒருநாளும் குறையாக நினைக்கமாட்டேன், நீயும் நினைக்காதே. சம்மதித்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வா. சொல்லாமல் மட்டும் வந்துவிடாதே. வந்தால் திருப்பி அனுப்புகிற பலம் இப்போது என்னிடம் இல்லை.

அவசரம் இல்லை. எனக்கு மெஷின் இருக்கிறது, சேச்சி இருக்கிறார், நீலகண்டன் சார் அடுத்த வாரம் எழுந்துவிடுவார் என்கிறார்கள். பிள்ளை பால் மறக்கட்டும். இருவரும் உட்கார்ந்து நிதானமாகப் பேசுங்கள்.

அல்லாஹ் உன் உடம்பை ஒரு குறையும் இல்லாமல் முழுசாக வைத்திருக்கட்டும். உன் பதிலுக்கு இரு, பொறு என்று மனசுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்,

உன் லாத்தா,
ஹாஜரா