அம்மா பேச்சைக் குறைக்கச் சொன்னார்கள்

அத்தை,

இன்று மாலை உங்கள் போனுக்குச் சார்ஜ் போடலாம் என்று உறையைத் திறந்தேன். குப்பென்று ஏலக்காய் வாசம். போடி ஏலக்காய்க் கிட்டங்கியில் நாளெல்லாம் காய் தரம் பிரித்த கையோடு நீங்கள் பிடித்த உறை. நீங்கள் போய் இத்தனை மாதம் கழித்தும் அதில் வாசம் இருக்கிறது.

உங்கள் மகனும் நானும் மெய்யாகவே கணவன் மனைவிதான் என்று இங்கிலாந்து விசா அதிகாரிக்கு நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அது முடியாவிட்டால் அவர் அங்கே, நான் இங்கே, ஒரு ஆளுக்கு உலை வைத்துக்கொண்டு.

விண்ணப்பம் தயார் செய்து தரும் தேனிக்காரர் என் போனை வாங்கிப் பார்த்தார். மச்சானிடமிருந்து வந்த அழைப்புகள் கொஞ்சம்தான். "ரெண்டு பேரும் பேசிக்கிடவே மாட்டீகளாம்மா?" என்று கேட்டார். எல்லாம் அத்தை போனில் பேசினோம் என்றேன். அது அம்மாவும் மகனும் பேசியதாகத்தான் கணக்காகும் என்றார். உங்களுக்குத்தான் தெரியுமே, வெளியாட்கள் முன்னால் எனக்கு வாய் எழாது.

மச்சானுக்கு அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம், நமக்கு அடுப்புப் பற்றவைக்கும் நேரம். போனை ஸ்பீக்கரில் போட்டு அரிசிச் சம்படத்தின் மேல் வைப்பீர்கள். சுவரோரம் காய் நறுக்கிக்கொண்டே, குளிருக்கு உள்ளே பனியன் போடச் சொல்லுங்கள் என்பேன் உங்களிடம். நீங்கள் அதை அவரிடம் சொல்வீர்கள். போட்டிருக்கிறேன் என்று சொல்லும்மா என்பார் அவர். ஒருநாள் உங்களுக்கு அலுத்துவிட்டது.

"ஏலே, நான் என்ன தபால்காரியா? ஏத்தா, நீயே சொல்லு. அவன் காதுல விழுகத்தான செய்யுது."

போனை என் மடியில் போட்டுவிட்டு வெளியே போனீர்கள். நான் மீதிக் காயை நறுக்கினேன். கடைசியில் அவர், "அம்மா போயிருச்சா?" என்றார். "வாசல்லதான் நிக்கிறாக" என்றேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இதற்குத்தான் இம்புட்டு நேரமா என்று நீங்கள் உள்ளே வந்தீர்கள்.

புகைப்படங்களும் அப்படித்தான். குச்சனூர் கோயில், மதுரை விமான நிலையம், எதை எடுத்தாலும் நடுவில் நீங்கள். அவர் பக்கத்தில் நிற்கக் கூச்சப்பட்டு நான்தான் உங்கள் கையை இழுத்துக்கொள்வேன். விசாவுக்குச் சாட்சி கேட்பார்கள் என்று தெரிந்தபோது, "அந்த ஆபீசர இங்கன வரச் சொல்லு, ரெண்டு நாள் நம்ம வீட்ல இருந்து பாக்கட்டும்" என்றீர்கள். உங்கள் கையெழுத்தோடு ஒரு கடிதம் வைக்கலாம் என்று இருந்தோம். அதற்குள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை.

உங்கள் காரியத்துக்கு வந்த அவரையும் என்னையும் சொந்தக்காரப் பெண் ஒருத்தி படம் எடுத்திருந்தாள். தேனிக்காரர் அதைத்தான் எடுத்து மேலே வைத்தார். "இதுலதான் ரெண்டு பேரும் தனியா இருக்கீக" என்றார். எங்கள் இரண்டு தோளுக்கும் நடுவே, பின்சுவரில், மாலை போட்ட உங்கள் படம் இருப்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

முதலில் எங்கே சந்தித்தீர்கள் என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. என்னைத் தொட்டிலில் போட்ட அன்று, மச்சான் மடியில் நீங்கள் என்னை வைத்தீர்களாம். அதிலிருந்து தொடங்கி, படித்த ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதினேன். "வீட்டுக்காரர் அம்மா பேச்சக் கொஞ்சம் கொறைங்கம்மா" என்றார் தேனிக்காரர். குறைத்தேன். குறைத்தவற்றை உங்களுக்கே எழுதுகிறேன்.

தேனிக்காரர் கேட்டதிலிருந்து மச்சான் தினமும் என் எண்ணுக்கே அழைக்கிறார். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், நீங்க சாப்பிட்டீகளா. அதற்குமேல் இருவருக்கும் ஓடுவதில்லை. இன்றும் அப்படித்தான். உங்கள் போனுக்குச் சார்ஜ் போட்டிருக்கிறேன் என்று மட்டும் கூடுதலாகச் சொன்னேன். ம் என்று வைத்துவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் உங்கள் போன் அடித்தது. திரையில், மகனுக்கு நீங்கள் போட்டுவைத்த 'தம்பி' என்ற பேர் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு அரிசிச் சம்படத்தின் மேல் வைத்துவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, அவள நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லும்மா."

"சாப்பிடுறேன்னு சொல்லுங்கத்த" என்றேன்.

உலை கொதித்து அடங்கும்வரை பேசிக்கொண்டிருந்தோம். அந்த அழைப்பை ஆதாரத்தில் சேர்க்க முடியாது. அது உங்கள் கணக்கில்தான் இருக்கும்.