மூன்று மாத விருந்து

நீ கண்ணை மூடி ஒரு மாதம் ஆகிறது. நேற்று பாக்கார் ஆராங்கில் உன் வீட்டு அலமாரியைக் காலி செய்தபோது நம் கையெழுத்துப் பத்திரிகை அகப்பட்டது. தாளைக் கரப்பான் அரித்திருந்தது. உன் கதையில் ‘விருந்து’ என்ற சொல்லைச் சுற்றி நான் போட்ட சிவப்புப் பென்சில் வட்டம் மட்டும் மங்கவில்லை.

அது மலாயாவில் ஜப்பான்காரன் காலம். நீ குருண் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி; நான் டவுனில் துணிக்கடை ஆள். நீ கதை எழுதுவாய், நான் விமர்சனம் எழுதுவேன். தமிழ் தெரிந்த தணிக்கை அதிகாரி பார்த்த பிறகுதான் இதழ் கை மாறும்.

விருந்துக்குப் போன புருஷனுக்காக ஒருத்தி மூன்று மாதம் தினமும் தட்டில் கிழங்கு எடுத்து வைக்கிறாள். அவ்வளவுதான் உன் கதை. அதிகாரி கவனிக்காமல் விட்டுவிட்டார். அடுத்த இதழில் நான் மேதாவியாட்டம் எழுதினேன்: எந்த ஊரில் விருந்து மூன்று மாதம் நடக்கும்?

அந்த இதழும் அதிகாரியிடம் போன பிறகுதான் நான் எழுதியது உனக்குத் தெரிந்தது. சைக்கிளில் பறந்து வந்தாய்.

“அட மடையா! விருந்துன்னு கூப்பிட்டுத்தான்டா எங்க ஆளுங்கள லாரியில ஏத்துனான். சயாம் ரயில் வேலை, மூணு மாசத்துல வந்துடலாம்னான். அப்பலேருந்து லயத்து வீடுங்கள்ல ‘விருந்துக்குப் போயிருக்காரு’ன்னுதான் சொல்றாங்க. டவுன்காரனுக்கு என்ன தெரியும்?”

அதிகாரி கவனிக்காததை நானே சுட்டிக் காட்டிவிட்டேன் என்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் இருவரையும் கூப்பிட்டார்கள். இரண்டு இதழ்களும் மேசையில் இருந்தன. அதிகாரி என்னைத்தான் முதலில் கேட்டார்.

“விருந்துன்னா என்ன?”

நான் உளறினால் அடுத்த லாரியில் நீ.

“ஒண்ணுமில்லீங்க ஐயா. இவனுக்கு எழுத வராது. யோசிக்காம கிறுக்குவான்.”

நீ தலையைக் குனிந்துகொண்டு, “ஆமாங்க, எனக்கு எழுத வராது,” என்றாய்.

அவர் சிரித்துவிட்டார். இதழ்களை எங்கள் முன் வீசி எறிந்து விரட்டினார்.

வெளியே சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கேட்டாய்: “டேய், உள்ள சொன்னது பொய்தானே லா?”

விமர்சகத் திமிர் எங்கே போகும்? “பாதி பொய்,” என்றேன். நீயும் சிரித்தாய்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகும் நீ ஒரு வரி எழுதவில்லை. கேட்டால், “எனக்குத்தான் எழுத வராதே,” என்பாய். விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று விட்டுவிட்டேன். பாவி நான்.

நேற்று கதையை மறுபடி படித்தேன். மூன்று மாதம் முடிந்த மறுநாளும் அவள் தட்டு வைக்கிறாள். அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை.

அந்தப் ‘பாதி’யை இத்தனை வருஷமாக நான்தான் வைத்திருக்கிறேன். முழுப் பொய்டா அது. உனக்கு எழுத வரும்.