முதல் ஈடு

1961 நவம்பர் 3

மூத்த பேரன் ஞானராஜ் பி.ஏ. தேறிவிட்டான். எஸ்தருக்கு நர்சுப் படிப்பில் மெடல். சின்னவன் தேவசகாயம் ஞாயிறு பள்ளியில் எழுபது வசனம் தப்பில்லாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியிருக்கிறான். அஞ்சாங் கிளாஸ் மட்டும் படித்த என்னுடைய வம்சம் இது. பக்கத்து வீட்டு ஆவுடையம்மாளிடம் எல்லாம் சொல்லி, ஒரு சுவிசேஷக் கைப்பிரதியும் கொடுத்தேன். "இந்தக் கிறிஸ்துமஸுக்கு உங்க கோயிலுக்கு வாரேன்க்கா" என்றாள். பதினெட்டு வருஷத்து ஜெபம். முன் வரிசையில் என் பக்கத்திலேயே உட்கார வைப்பேன். சபையார் பார்க்கட்டும்.

நவம்பர் 8

நேற்று தீபாவளி. ஆவுடை வழக்கம்போல அதிரசம் கொண்டுவந்தாள். விக்கிரகத்துக்குப் படைத்ததை நாங்கள் தொடுவதில்லை. வருஷாவருஷம் செய்கிற மாதிரி வாங்கிக்கொண்டு, அவள் தலை மறைந்ததும் கோழிக்குப் பிய்த்துப் போட்டேன். இந்தத் தடவை தூக்குப்போணியை வாங்க உடனே திரும்பி வந்தாள். பார்த்துவிட்டாள்.

கத்தவில்லை. "அது படைச்சதில்லக்கா. படைச்சதை நீங்க திங்கமாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்லா. முதல் ஈட்டை உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சிட்டுத்தான் சாமிக்குச் சுடுவேன். எங்க வீட்டுக்காரவுககூட ஏசுவாக, சாமியைவிட வேதக்காரி ஒனக்குப் பெரிசாப் போச்சோன்னு."

பதினெட்டு தீபாவளி. அவள் சாமிக்கே இரண்டாம் ஈடு. எனக்கென்ன தெரியும்? சொல்லியிருக்கலாமே — நான் கேட்டேனா?

நவம்பர் 20

"போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க அத்தே" என்கிறாள் மருமகள் ஜெயமணி. நான் ஏன் போக வேண்டும்? வேதத்தில் உள்ளபடிதான் நடந்தேன்.

"வேதத்துல கோழிக்குப் போடச் சொல்லியிருக்கா?"

வாய் நீளம் இவளுக்கு.

டிசம்பர் 25

என் பக்கத்து இடம் காலி. ஆராதனை முடியுமட்டும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரும் வழியில் ஜெயமணி, "அவளுக்காக இத்தனை வருசம் ஜெபம் பண்ணினீங்க. ஒரு நாள் அவ வீட்டுல உக்காந்து சாயா குடிச்சிருக்கலாம்" என்றாள். அவளை விட்டுவிட்டு முன்னே நடந்தேன்.

1962 பிப்ரவரி 11

ஆவுடையின் புருஷன் சங்கரலிங்கம் வேலை பார்த்த, இங்கே கொச்சங்காடியிலுள்ள மிளகுக் கிடங்கை மூடிவிட்டார்களாம். குடும்பத்தோடு தூத்துக்குடிக்குப் போகிறார்கள். வாசலில் கைவண்டி நின்றதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. போனேன். அந்த வீட்டுக்குள் நான் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. ஜெயமணி சொன்ன அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் போனேன். "குடிக்கத் தண்ணி கொடு ஆவுடை" என்றேன்.

"பாத்திரமெல்லாம் கட்டியாச்சேக்கா."

அக்டோபர் 29

தீபாவளி போயிற்று. தூத்துக்குடிக்குக் கடிதம் எழுதினேன். கிழித்தேன். மறுபடி எழுதினேன். வசனம் ஒன்றும் போடவில்லை. "ஆவுடை, தப்பு என்னுடையது. உன் முகம் இருந்தாற்போலிருந்து மறந்து மறந்து போகிறது. புதிதாகப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. கேட்க எனக்கு முகமில்லை. இருந்தாலும் அனுப்பு."